படத்தின் மேல் படம்: எல்லைப்புற ஸ்டுடியோவில் ஒரு பெருக்கல் கணக்கு

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே நடந்தே போகும் தொலைவுதான். இஞ்சிவிளை தாண்டியதும் கடைப் பலகைகளின் எழுத்து மாறிவிடும். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கும், நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் என்று கோடு போட்டார்கள். கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, கல்யாணங்களில் விழவில்லை. பெண் இந்தப் பக்கம், மாப்பிள்ளை அந்தப் பக்கம் என்பது இன்றும் வழக்கம். ஆகவே சாலையோர ஸ்டுடியோக்காரர்களுக்கு இருபக்கமும் வேலை உண்டு. ஆல்பத்தின் முகப்பில் ஒரே பெயரை இரண்டு லிபியிலும் எழுதித் தருகிறார்கள்.

இந்த ஸ்டுடியோக்களில் கல்யாண ஆல்பம் போகக் கிடைக்கும் நிலையான வேலை, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் புதுப்பித்துக் கொடுப்பது. மழை மிகுந்த மண் இது. சுவரில் மாட்டிய படம் ஐம்பது வருடத்தில் பூசணம் பூத்து, மஞ்சளித்து, முகமே மங்கிவிடும். அதைக் கொண்டுவந்து, "கொஞ்சம் தெளிச்சலாக்கித் தரணும்" என்பார்கள். ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றி, அதே படத்தை இன்னொரு பிரதி எடுத்து மேலே வைத்து, "ஓவர்லே" என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் மங்கிய முகம் சட்டென்று எழுந்து வரும். ஸ்டுடியோ வேலை தெரிந்த எல்லோருக்கும் பழகிய கைப்பழக்கம் இது. ஆனால் அந்த ஒரு சொடுக்கில் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் பலரும் சிரித்து விட்டுவிடுவார்கள். உண்மையில் நடப்பது நாலாம் வகுப்புப் பெருக்கல்தான். அந்தப் பெருக்கலில் ஒரு சிறு பிசகு நேர்ந்ததால் உலகப் புகழ் பெற்ற ஒரு மென்பொருள் பல ஆண்டுகள் ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்து வந்தது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில் அடுக்கு என்பதைப் பார்த்துவிடுவோம். கணிப்பொறித் திரையில் உள்ள படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 0 என்றால் ஒளியே இல்லை, 255 என்றால் முழு ஒளி. ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைக்கும்போது, ஒரே இடத்தில் இரண்டு எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே எண்தான் போய்ச்சேர முடியும். இரண்டிலிருந்து ஒன்றை எப்படிச் செய்வது? அதற்கான விதிக்குத்தான் கலப்பு முறை என்று பெயர்.

கீழே 100, மேலே 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். "நார்மல்" முறையில் மேலே இருப்பதே வெல்லும், விடை 200. "மல்டிப்ளை" என்பது பெருக்கல்: 200ஐ 100ஆல் பெருக்கி 255ஆல் வகுத்தால் 78. இரண்டு எண்ணையும் விடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். பெருக்கினால் படம் இருளும். இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. திருவிழாப் பந்தலில் விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, அதன் மேல் பச்சைத்தாளும் சுற்றினால் வெளிச்சம் ஏறக்குறைய அணைந்துபோகிறதே, அதுவேதான். முதல் தாள் ஒரு பங்கு ஒளியை விடுகிறது. விட்ட பங்கில் இரண்டாவது தாள் ஒரு பங்கை விடுகிறது. பங்கின் பங்கு என்றால் பெருக்கல்தானே! அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பஞ்சால் நீர்வண்ணம் பூசி உதட்டையும் பட்டுப்புடைவையையும் சிவக்க வைத்த கலைஞர்கள் செய்ததும் இதே பெருக்கலைத்தான்.

"ஸ்கிரீன்" இதற்கு எதிர். ஒரே வெள்ளைத் திரையில் இரண்டு புரொஜெக்டர்களின் ஒளியை விழச் செய்தால் ஒளி கூடத்தானே செய்யும். கணக்கில் அதை அப்படியே கூட்டினால் 255ஐத் தாண்டிப் போய்விடும். ஆகையால் ஒளியின் அளவைப் பெருக்காமல், ஒளியின் குறையைப் பெருக்குகிறார்கள். 100க்குக் குறை 155, 200க்குக் குறை 55. இரண்டையும் பெருக்கி 255ஆல் வகுத்தால் 33. அதை 255இல் கழித்தால் 222. இந்தப் பெயரைத் தமிழாக்கும்போது "திரை" என்று எழுதிவிட்டுப் போனால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "ஒளிச்சேர்க்கை" என்றால் தாவரவியல் ஆசிரியர் சண்டைக்கு வருவார். "ஒளிக்கூட்டு" என்று வைக்கலாமோ என்பது எனக்குள்ள யோசனை. வாசகர்கள் இதைவிட நல்லது சொன்னால் மகிழ்ச்சி. பெருக்கலுக்குப் "பெருக்கல்" என்றே இருக்கட்டும், அதற்குமேல் பொருத்தமான சொல் இல்லை.

"ஓவர்லே" இரண்டையும் சேர்த்துக் கட்டியது. கீழே உள்ள புள்ளி பாதிக்கும் கீழே இருண்டதானால் பெருக்கி இரட்டித்துக்கொள். பாதிக்கு மேல் வெளுத்ததானால் குறைகளைப் பெருக்கி, இரட்டித்து, கழித்துக்கொள். இருட்டு மேலும் இருளும், வெளிச்சம் மேலும் வெளுக்கும், நடுவில் உள்ளது அசையாது. மங்கிய முகம் எழுந்து வருவதன் இரகசியம் இதுதான். எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிப்பது கீழடுக்கு. அந்தத் தீர்மானத்தை மேலடுக்குக்குக் கொடுத்துவிட்டால் அதற்கு "ஹார்ட் லைட்" என்று பெயர். "சாஃப்ட் லைட்" இதே வேலையை மெதுவாக, மடிப்பு விழாமல் செய்கிறது.

இனி வரலாறு, சுருக்கமாக. படத்தின் மேல் படம் வைக்கும் கணக்கை ஒழுங்காக முதலில் எழுதி வைத்தவர்கள் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர், 1984இல். போட்டோஷாப் மென்பொருள் 1990இல் வெளிவந்தது. நம் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் தொடங்கியதும் அதே ஆண்டுதான் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. 1994இல் அதன் மூன்றாம் பதிப்பில் அடுக்குகள் வந்தன. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995இல் ஜிம்ப் என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். 1998இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. இது விலையின்றிக் கிடைப்பது மட்டுமல்ல, உள்ளே எழுதியிருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், திருத்தலாம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜிம்ப் புதிதல்ல. இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தொடங்கிவைக்கப்பட்டதே திருவனந்தபுரத்தில்தான். கேரள அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பள்ளிக் கணிப்பொறிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017இல் அத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்குத் தரும் தொகுப்பில் ஜிம்ப் இருக்கிறது. கேரளத்தின் பாடநூல்கள் தமிழ்வழி மாணவர்க்குத் தமிழிலும் அச்சாகின்றன. பாறசாலைப் பள்ளிப் பிள்ளை பூக்கோலப் போட்டிக்கு ஜிம்பில் அடுக்கு அடுக்காகப் படம் செய்கிறது. ஆனால் பக்கத்து ஸ்டுடியோவில் பெரும்பாலும் போட்டோஷாப். ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்திலும் ஒரே பொருளா என்பதுதான் இங்கே கேள்வி.

ஒரு ஸ்டுடியோவில் நடந்ததைச் சொல்கிறேன். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, 1950களில் எடுத்த தன் தகப்பனாரின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவரிடம் இருந்த ஒரே படம் அது. ஸ்டுடியோக்காரரிடம் வேலை பழகும் பாலிடெக்னிக் பையன் வீட்டுக் கணிப்பொறியில் பழைய ஜிம்பில் அதைச் செய்து, பிரதியை மேலே வைத்து ஓவர்லே கொடுத்து, மாதிரி ஒன்று அச்சிட்டுக் காட்டினான். பாட்டிக்குப் பிடித்திருந்தது. பெரிய அளவில் அச்சிட வேண்டியபோது ஸ்டுடியோவின் போட்டோஷாப்பில் அதே இரண்டு அடுக்கு, அதே ஓவர்லே. அச்சாகி வந்த படத்தைக் கையில் வாங்கிய பாட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "இது எங்க அப்பாவுக்க முகம் இல்லியே மக்கா" என்றார். கன்னம் குழிவிழுந்து, கண்ணைச் சுற்றிக் கருமை ஏறி, நோயாளியைப் போலிருந்தது.

"நீ என்னலே பண்ணினா?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்க, "அண்ணே, நான் ஒண்ணும் மாத்தல்ல, ரெண்டும் ஓவர்லேதான்" என்று பையன் சத்தியம் செய்தான். அவன் சொன்னது உண்மை. இரண்டும் ஓவர்லேதான், பெயரளவில்!

ஜிம்பின் அந்தப் பழைய பதிப்புகளில் "ஓவர்லே" என்ற பெயருக்குப் பின்னால் எழுதப்பட்டிருந்த நிரல், உண்மையான ஓவர்லே அல்ல. கீழடுக்கு எண்ணை எடுத்து, அதன் குறையை மேலடுக்கால் பெருக்கி, இரட்டித்து 255ஆல் வகுத்து, அதனுடன் கீழடுக்கைக் கூட்டி, மறுபடியும் கீழடுக்கால் பெருக்கி 255ஆல் வகுக்கும் கணக்கு அது. "பாதிக்கு மேலா, கீழா" என்ற கேள்வியே அதில் இல்லை. "சாஃப்ட் லைட்" என்ற பெயரில் இருந்த நிரலோ வேறு விதமாக எழுதப்பட்டிருந்தது. முதலில் ஸ்கிரீன் விடையைக் கண்டு, அதில் சிறிது பெருக்கலைச் சேர்த்து என்று நீளும். பார்வைக்கு இரண்டும் வேறு. ஆனால் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தைக் கொண்டு விரித்து எழுதிச் சுருக்கினால் இரண்டும் ஒரே கோவை! பட்டியலில் இரண்டு பெயர், உள்ளே ஒரே சரக்கு. ஜிம்பின் கையேடே இதை ஒளிக்காமல், இது ஒரு பிழை, இங்கே ஓவர்லே என்பது சாஃப்ட் லைட்டுக்குச் சமம் என்று எழுதி வைத்திருந்தது. கையேட்டை வாசிப்பவர் யார்?

பாட்டியின் படத்தில் இது என்ன செய்தது என்று எண்ணில் பார்க்கலாம். கன்னத்து நிழலில் ஒரு புள்ளி 60 என்று கொள்வோம். அதன் பிரதியே மேலேயும் இருப்பதால் மேலும் 60. பழைய ஜிம்பின் கணக்கில் விடை 36. உண்மை ஓவர்லேயில் 28. அதைவிடச் சற்று வெளுத்த 90 என்ற புள்ளி, அங்கே 73, இங்கே 64. நெற்றியில் வெளிச்சம் பட்ட 200, அங்கே 225, இங்கே 231. எட்டும் ஒன்பதும் சிறு வித்தியாசமாகத் தோன்றலாம். கன்னத்தில் எட்டு இருண்டு, நெற்றியில் ஆறு வெளுத்தால், முகத்தின் எலும்பு மேலெழுந்துவிடும். மகளுக்கு அது தெரியாமல் போகுமா? மேலடுக்கின் அழுத்தத்தைக் குறைத்து மாதிரிப் படத்துக்கு அருகே கொண்டுவந்து மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார்கள். பாட்டி அதை வாங்கிக்கொண்டு போனார். இரண்டாவது அச்சுக்குப் பணம் வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பிழை தெரிந்த பிறகு உடனே திருத்திவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அந்தப் பிழையான ஓவர்லேயை நம்பி உலகெங்கும் எத்தனையோ படங்கள் செய்து சேமித்துவிட்டார்கள். நிரலைத் திருத்தினால் அந்தப் படங்கள் எல்லாம் ஒரே இரவில் முகம் மாறும், நம் பாட்டியின் தகப்பனார் மாறியதைப் போல. திருத்தாவிட்டால் மற்ற மென்பொருள்களோடு என்றைக்கும் ஒத்துப்போகாது. 2018 ஏப்ரலில் வந்த 2.10 பதிப்பில் ஜிம்ப் குழுவினர் நடுவழி கண்டார்கள். சரியான ஓவர்லேயைப் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். பழைய முறைகளை "பழையவை" என்ற தனிக் குழுவாக அப்படியே வைத்துக்கொண்டார்கள். பழைய கோப்பைத் திறந்தால் பழைய கணக்கு, புதிய அடுக்குக்குப் புதிய கணக்கு. பிழையையும் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்! வீட்டைப் புதுக்கும்போது தாத்தா வைத்த கோணல் படியை இடிக்காமல் பக்கத்தில் புதுப்படி கட்டுவது போன்ற வேலை. எனக்கு இது மிகவும் பிடித்தது.

கலப்பு முறையை நாமே எழுதினால்

கணிப்பொறி படிக்கும் நம் பிள்ளைகள் பெருக்கல் முறையைத் தாங்களே எழுதிப் பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுது போதும். ஆனால் மூன்று இடங்களில் கால் இடறும்.

முதல் இடம் வகுத்தல். 255ஆல் வகுப்பது பழைய கணிப்பொறிகளுக்கு மெதுவான வேலை. 256ஆல் வகுப்பது மிக எளிது, எண்ணை எட்டு இடம் நகர்த்தினால் போதும். ஒன்றுதானே வித்தியாசம் என்று 256ஆல் வகுத்தால் என்ன ஆகும்? வெள்ளையை வெள்ளையால் பெருக்கினால் வெள்ளைதான் வர வேண்டும். 255 பெருக்கல் 255, வகுத்தல் 256 என்றால் 254 வரும். இன்னொரு வெள்ளை அடுக்கு வைத்தால் 253. பத்து வெள்ளைத்தாளை அடுக்கினால் வேட்டி சாம்பல் பூத்துவிடும். இதற்கு நிரலர்கள் கண்ட வழி அழகானது. பெருக்கி வந்த எண்ணோடு 128ஐக் கூட்டு. அதை 256ஆல் வகுத்து, ஈவை அதனோடே கூட்டு. வந்ததை மறுபடி 256ஆல் வகு. 200க்கும் 100க்கும் செய்து பாருங்கள்: 20000, 20128, அதில் ஈவு 78, கூட்டினால் 20206, மறுபடி வகுத்தால் 78. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் செய்தால் பிசகாமல் 255. ஜிம்பின் நிரலிலும் இந்த வித்தை இருந்தது.

இரண்டாவது இடம் ஓரம். மணப்பெண்ணின் உருவத்தை வெட்டியெடுத்து வேறு பின்னணியில் வைக்கிறார்கள். கொண்டையில் மல்லிகைச் சரம். சரத்துக்கு வெளியே ஒன்றுமில்லை, வெறும் இடம். ஆனால் கணிப்பொறியில் "ஒன்றுமில்லை" என்பதற்கும் ஏதோ ஓர் எண் எழுதித்தான் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 0. அந்தச் சுழியத்தைப் பெருக்கினால் விடை சுழியம், அதாவது கறுப்பு. மல்லிகையைச் சுற்றி மை தடவியது போல ஒரு கோடு விழும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு புள்ளியையும் மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். இரண்டு அடுக்கும் உள்ள பங்குக்குப் பெருக்கல் விடை, மேலது மட்டும் உள்ள பங்குக்கு மேல் நிறம், கீழது மட்டும் உள்ள பங்குக்குக் கீழ் நிறம். போர்ட்டரும் டஃபும் 1984இல் எழுதியதன் சாரம் இந்தப் பங்கு பிரிப்புத்தான். மேலடுக்கை 60 விழுக்காடு அழுத்தத்தில் வைப்பதும் இதே கணக்கில் அடங்கும். முன் சொன்ன எடுத்துக்காட்டில் கீழே இருந்த 100இல் நாற்பது பங்கும், பெருக்கி வந்த 78இல் அறுபது பங்கும் சேர்ந்து 87 ஆகும்.

மூன்றாவது இடத்தைப் புரிந்துகொள்ள பாலராமபுரத்துக்குப் போக வேண்டும். நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே உள்ள ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராமவர்மா மகாராஜா காலத்தில், திவான் உம்மிணித்தம்பி முன்னின்று தமிழ்ச் சாலியர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய நெசவூர். ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என்று தெருப் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. கேரளப் புடைவை என்று உலகம் போற்றும் கசவுத் துணியில் தமிழ்க் குடும்பங்களின் கைவண்ணம் இருப்பதை நம் சங்க அன்பர்கள் அறிவர். அந்தத் துணி வெள்ளையும் பொன்னும்தான், நிறக்கலப்புக்கு அதில் இடமில்லை. ஆனால் நெசவாளிகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமும் ஓட்டினால், தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மூன்றாவது நிறம் தெரியும். மயில்கழுத்து நிறம் அப்படி வருவதுதான். சிவப்புப் பாவும் பச்சை ஊடையும் ஓடினால் மஞ்சள் கலந்த பழுப்பு மினுங்கும்.

இதையே கணிப்பொறியில் சிவப்பும் பச்சையும் பாதிப்பாதி என்று சராசரி எடுத்தால் 128, 128, 0 என்று சேறு போல் ஒரு நிறம் வருகிறது. ஏன்? கணிப்பொறியின் எண் ஒளியின் அளவல்ல. இருட்டில் நம் கண் கூர்மையாக வேறுபாடு காணும் என்பதால், எண்களை இருட்டுப் பக்கம் நெருக்கி அமைத்திருக்கிறார்கள். 128 என்ற எண் பாதி ஒளி என்று நினைப்போம். அது உண்மையில் முழு ஒளியில் ஏறக்குறைய 22 விழுக்காடுதான். பாதி ஒளிக்குரிய எண் 188. தறியிலிருந்து கண்ணுக்கு வருவது ஒளி, அங்கே எண் இல்லை. ஆகவே சரியாகக் கலக்க விரும்பும் நிரல், எண்ணை முதலில் ஒளியாக மாற்றி, கலந்து, மறுபடி எண்ணாக மாற்ற வேண்டும். 2.10 பதிப்பு முதல் ஜிம்ப் சாதாரண அடுக்குகளை இப்படித்தான் கலக்கிறது. ஆயினும் ஓவர்லே போன்ற முறைகளுக்கு எண்ணிலேயே கலப்பதுதான் கண்ணுக்கு உகந்தது. நடுவில் உள்ளது அசையக்கூடாது என்றால் அந்த நடு எது என்பதைக் கண்தானே சொல்ல வேண்டும். ஆகவே எந்த முறைக்கு எது என்பது தனித்தனியே முடிவு செய்ய வேண்டிய காரியம்.

இந்த விதிகளெல்லாம் இப்போது இரகசியமல்ல. 2001இல் பி.டி.எஃப். கோப்பின் 1.4ஆம் பதிப்பு விவரம் வெளியானபோது பதினாறு கலப்பு முறைகளின் விளக்கமும் அச்சில் வந்துவிட்டது. அவற்றில் பன்னிரண்டு, சிவப்பு பச்சை நீலத்தைத் தனித்தனியே கணக்கிடுபவை. மற்ற நான்கு நிறத்தையும் ஒளிர்வையும் பிரித்தெடுப்பவை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றும் "கலர்" முறை இந்த நான்கில் ஒன்று. அதில் ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்கு 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று கொள்கிறார்கள். நம் கண்ணுக்குப் பச்சையின் மேல் அவ்வளவு பிரியம்!

எழுதிப் பார்க்கிற பிள்ளைகள் விடையைச் சரிபார்க்க இந்த எண்களை வைத்துக்கொள்ளலாம். கீழே 100, மேலே 200 என்றால் பெருக்கல் 78, ஸ்கிரீன் 222, உண்மை ஓவர்லே 157. உங்கள் நிரல் ஓவர்லேக்கு 135 என்று சொன்னால், பழைய ஜிம்பின் கணக்கை எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள்.